பட்டாபியின் முதுகு

என் கணவர் பட்டாபியின் முதுகு கூனியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் மணிவேல். இருபத்தெட்டு வருஷமாக அந்த முதுகோடு குடித்தனம் நடத்தும் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் ரோஷம் உண்டு. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் எவள் சாய்ந்து உட்கார்ந்தாலும் "நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டுகிறவள் நான். வீட்டில் கோட்டை விட்டிருக்கிறேன்.

முதலில் பட்டாபியின் கம்பெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேர் வேண்டாம். கல்கத்தாவில் டல்ஹௌசி பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம், கிராதிக் கதவு போட்ட லிஃப்ட். அங்கே ஒரு பழக்கம். மேலே உட்கார்ந்திருப்பவர் எதைச் செய்தாலும் கீழே இருப்பவர்கள் அதையே செய்வார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை, அதுவாக நடக்கும். முன்பு ஒரு சேர்மனுக்குச் சர்க்கரை வியாதி. அவர் காலத்தில் நாலு மாடியிலும் ஒருத்தர்கூட டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை. அடுத்து வந்தவருக்குக் காதில் காற்றுப் பட்டால் ஆகாது. மே மாதத்தில், கல்கத்தா புழுக்கத்தில், பட்டாபி மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனார். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"எதுக்குன்னா இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சுத்திண்டு வரா. நான் மட்டும் சும்மா போனா தனியா தெரியாதோ?" என்றார். தனியாகத் தெரிவதைவிடத் தலை போவது மேல் என்று நினைக்கிற மனுஷர்.

போன வருஷம் குர்காவ்னிலிருந்து புது எம்.டி. வந்தார். விக்ரம் என்று பேர், நாற்பத்தைந்து வயது, கோல்ஃப் பைத்தியம். ஒரே மாதத்தில் பதினெட்டு அதிகாரிகள் மட்டைப் பை வாங்கினார்கள். அதுவரை கேரம்போர்டுகூடத் தொட்டிராத பட்டாபியும் ஒன்று வாங்கி, குடை வைக்கிற மூலையில் சாத்தினார். தனியாகக் கற்றுக்கொள்ள யாரும் போகவில்லை. சனிக்கிழமை காலை எம்.டி.க்குப் பின்னால் வரிசையாக நின்று பார்ப்பார்கள், பிறகு ஆடுவார்கள். அவ்வளவுதான் பாடம்.

டிசம்பர் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. இரண்டு ஜெனரல் மானேஜர் பதவிகளை ஒன்றாக்கப் போகிறார்கள். ஒருவர் கல்கத்தாவில் இருப்பார், இன்னொருவர் கோர்மாரா தொழிற்சாலைக்குப் போக வேண்டும். கோர்மாரா என்பது ரயிலை விட்டு இறங்கி மூன்று மணி நேரம் ஜீப்பில் போனால் வருகிற ஊர். அந்த இருவரில் ஒருவர் பட்டாபி. இன்னொருவர் மது, இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். யார் எங்கே என்பது பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு, கம்பெனியின் கோல்ஃப் தினத்தன்று முடிவாகும். "ஒரு மனிதனின் பணிவும் தாராள மனமும் அவன் மட்டையை ஓங்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்" என்று எழுதிக் கீழே விக்ரம் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பெரிய மனிதர்கள் இப்படி ஏதாவது எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இதில் உனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஜாதவ்பூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஏப்ரலிலிருந்து நான் ஹெட்மிஸ்ட்ரஸ். இருபத்துநாலு வருஷம் கணக்கு டீச்சர். எனக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் என்னைத் தாண்டிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ரிடையரும் ஆகிவிட்டார்கள். இந்தத் தடவைதான் கடிதத்தில் "திருமதி பத்மஜா" என்று என் பேர் இருந்தது. பட்டாபி கோர்மாரா போனால் நானும் போயாக வேண்டும். அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தால்தான் வாயில் போடுவார். பால் பொங்கினால் என்னைக் கூப்பிடுவாரே தவிர, அடுப்பை அணைக்க மாட்டார். "நீ இங்கேயே இருடி, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். சொன்ன கையோடு, ராத்திரி மாத்திரை எங்கே என்று கேட்டார்.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன்.

நியூ டவுனில் கோல்ஃப் பழகுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு மாடி உயரத்துக்கு வலை கட்டி, வாளி வாளியாகப் பந்து கொடுப்பார்கள். ஜனவரி முதல் ஞாயிறு, டாக்ஸி பிடித்து இவரை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். மணிவேல் அங்கேதான் இருந்தான். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆடுகிறவர்களின் பையைத் தூக்கத் தொடங்கி, இப்போது சொல்லிக் கொடுக்கிறான். தமிழ்க் குரல் கேட்டதும் அவனே வந்தான்.

"அடிங்க சார், பாக்கலாம்" என்றான்.

பட்டாபி அடித்தார். பந்து அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த ரப்பர் விரிப்பு ஓரடி நகர்ந்தது.

மணிவேல் தாடையைச் சொறிந்தான். "ரெண்டு பிரச்சினை இருக்கு சார். ஒண்ணு, நீங்க நிக்கிறது. இடுப்புல மடங்கணும். நீங்க நெஞ்சுல மடங்குறீங்க. கீழ எதையோ தொலைச்சிட்டுத் தேடுற ஆள் மாதிரி இருக்கு. இன்னொண்ணு, பேக்ஸ்விங். அதாவது, அடிக்கிறதுக்கு முன்னாடி மட்டைய பின்னால ஓங்குறீங்கல்ல, அது ரொம்ப நீளம். தலைக்கு மேல வந்ததும் நின்னுடணும். உங்களுது தலையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, இடது தோள்ல வந்து உக்காந்துக்குது. அங்கேருந்து திரும்பி வர்றதுக்குள்ள பந்து இருக்கிற இடமே மறந்து போயிடும்."

பட்டாபி மெதுவாகச் சொன்னார். "எங்க எம்.டி. சார்கூட இப்படித்தான் நிக்கறாப்பல..."

"எம்.டி. தப்பா நிப்பாரா?" என்று நான் பாய்ந்தேன். "அவர் சின்ன வயசிலேந்து ஆடறவர். நீங்க பின்னாடி நின்னுண்டு அரைக் கண்ணால பார்த்திருப்பேள். பேசாம மணிவேல் சொல்றதைக் கேளுங்கோ."

பட்டாபி வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூட வைப்பதில் எனக்கு இருபத்தெட்டு வருஷப் பயிற்சி. அன்றைக்கு அந்தப் பயிற்சி இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

மூன்று நாள் போனது, முதுகு நிமிரவில்லை. இடுப்பில் மடங்கச் சொன்னால் முழங்காலை மடக்கினார். முழங்காலை நிமிர்த்தச் சொன்னால் மறுபடியும் நெஞ்சு சுருண்டது. நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு மணிவேல் வீட்டுக்கே வந்துவிட்டான். பாலிகஞ்சில் மூன்றாவது மாடி எங்களுக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஏழடி அகல நடை, மொசைக் தரை. நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா! அசையாதீங்க!" என்று படியிலிருந்து கத்தினான்.

பாம்போ பல்லியோ என்று நினைத்து அப்படியே நின்றேன், ஒரு கையில் கோலமாவு, பாதிப் புள்ளி வைத்தபடி. அவன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சார், சீக்கிரம் வாங்க! இங்க பாருங்க! இடுப்புல மடங்கியிருக்காங்க. முதுகு பலகை மாதிரி இருக்கு. முழங்கால் லேசா தளர்ந்திருக்கு. கை தோள்லேர்ந்து தொங்குது. இதுதான் சார்! இத்தனை வருஷம் நான் சொல்லிக் குடுத்த எவனும் இப்படி நின்னதில்ல!"

பட்டாபி பல் தேய்க்கிற பிரஷோடு ஓடி வந்தார். மணிவேல் மர ஸ்கேல் கேட்டான். என் முதுகின்மேல் அந்த ஸ்கேலை வைத்து, இடைவெளி இருக்கிறதா என்று பட்டாபி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கோஷால் பாபு, எழுபது வயது, தபால் இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ரிடையரானவர், பால் பாக்கெட் எடுக்க வந்தார். குனிந்து நிற்கும் நான், என் முதுகை அளக்கும் கணவர், தரையில் படுத்து என் முழங்காலைப் பார்க்கும் அந்நிய வாலிபன்.

"கீ ஹோலோ, பௌதி?" என்று கேட்டார். என்ன ஆச்சு அண்ணி என்று அர்த்தம்.

"கோல்ஃப்" என்றேன். குனிந்தபடியே எவ்வளவு விளக்க முடியும்?

அன்று முதல் எங்கள் வாசலில் பட்டாபிதான் கோலம் போட்டார். காலை ஆறு மணிக்கு, பைஜாமாவும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக, இடுப்பில் மடங்கி. முதல் வாரம் புள்ளிகள் படிக்கட்டுப் பக்கம் ஓடின. இரண்டாம் வாரம் ஐந்து புள்ளிக் கோலம் ஒருமாதிரி வந்தது. மூன்றாம் வாரம் அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. லேக் மார்க்கெட்டில் எனக்குத் தெரியாமல் கலர்ப்பொடி வாங்கி வந்தார். "உன் இழை கொஞ்சம் தடிமன்டி" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டேன். முதுகு நிமிர்கிறதே, அது போதும்.

கட்டடத்தில் இருக்கிற வங்காளிப் பெண்மணிகள் இதைப் பார்த்துவிட்டு, தென்னிந்தியாவில் ஆண்கள் செய்கிற ஏதோ விரதம் என்று முடிவு கட்டினார்கள். சரஸ்வதி பூஜை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடி அம்மாள் கோலத்தின் ஓரத்தில் ரஜனிகந்தா, அதாவது சம்பங்கிப் பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். என்ன வேண்டுதல் என்று கேட்டாள். டிரான்ஸ்ஃபர் வரக்கூடாது என்று உண்மையைச் சொன்னேன். மறுநாள் அவளுடைய மருமகன் பேரிலும் ஒரு பூ சேர்ந்தது, அவனுக்கும் டிரான்ஸ்ஃபராம்.

முதுகு ஒரு வழியாயிற்று. ஓங்குகிற நீளம்தான் பாக்கி இருந்தது. மணிவேல் யோசித்து ஒரு பழைய இரும்பு மட்டையின் தண்டை அறுத்துக் குட்டையாக்கிக் கொண்டு வந்தான். பட்டாபியை நடையில் எங்கள் வாசலைப் பார்க்க நிறுத்தி, ஓங்கச் சொன்னான். சரியான நீளத்தில் நின்றால் மட்டை எதிலும் படாது. கொஞ்சம் அதிகமாகப் போனால், பின்னால் கோஷால் பாபு வீட்டு காலிங் பெல்லின் பொத்தானில் போய் இடிக்கும்.

"பெல் அடிச்சா தப்பு, அடிக்கலைன்னா சரி" என்றான் மணிவேல். "இதுக்கு மேல எந்த மிஷினும் கிடையாது அக்கா."

பட்டாபி ஓங்கினார். டிங் டாங். கதவு திறந்தது. "பெல் அடிச்சீங்களா?" "இல்லை பாபு, கோல்ஃப்." கதவு மூடியது. ஓங்கினார். டிங் டாங். கதவு திறந்தது. கோஷால் பாபு நல்ல குடும்பத்துப் பிள்ளை. பெல் அடித்தால் திறக்காமல் இருக்க அவரால் முடியாது. நாங்கள்தான் அடிக்கிறோம் என்று தெரியும், காரணம் தெரியும், ஆனாலும் எழுந்து வந்து திறப்பார். "ஆபார்?" என்பார், மறுபடியுமா என்று. பெல்லின் ஒயரைக் கழற்றிவிடுங்கள் என்று நானே சொன்னேன். யாராவது வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார். அவர் வீட்டுக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

நாலைந்து நாளில் அவர் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். திறந்து, "இன்னிக்கு ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கு, பட்டாபி பாபு" என்று அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினார். ஐந்தாம் வாரம் ஒரு நாள் பட்டாபி இருபது தடவை ஓங்கியும் பெல் அடிக்கவில்லை. கதவு தானாகத் திறந்தது. கோஷால் பாபுவின் முகத்தில் கவலை. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் நலேன் குட சந்தேஷ் என்கிற வெல்ல மிட்டாயை எடுத்து வந்து, சர்க்கரை வியாதி என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பட்டாபியின் வாயில் ஊட்டினார்.

அந்த ஞாயிறு நியூ டவுனில் பட்டாபி அடித்த பந்து வலையின் கடைசி வரைக்கும் பறந்தது. மணிவேல் விசிலடித்தான். பட்டாபி மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  மனுஷர் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. கல்யாண ஆல்பத்தில்கூட இந்த உயரம் இல்லை.

கோல்ஃப் தினம் வந்தது. டாலிகஞ்ச் பக்கம் ஒரு பழைய மைதானம், பனி இன்னும் விலகாத புல், மனைவிமார்களுக்கு ஷாமியானாவின் கீழே நாற்காலி. எனக்குப் பக்கத்தில் மதுவின் மனைவி ரஞ்சனா உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா அக்கா என்று கூப்பிடுவாள். அன்றைக்கு வந்ததிலிருந்து சால்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் விக்ரம் அடிக்க வந்தார். அவர் ஆடி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

குனிந்தார். இடுப்பில் இல்லை, நெஞ்சில். கழுத்து முன்னால் நீண்டது, தோள் உருண்டது, முதுகு சுருண்டது. கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆள். பிறகு மட்டையை ஓங்கினார். அது தலைக்கு மேல் வந்தது, நிற்கவில்லை, தாண்டிப் போனது, அந்தப் பக்கம் இறங்கி இடது தோளில் உட்கார்ந்துகொண்டது. பந்து பதினைந்து அடி உருண்டு ஒரு இலையின் மேல் நின்றது.

"க்ரேட் ஷாட், சார்!" என்று பதினெட்டுக் குரல்கள்.

அடுத்தவர் வந்தார். அதே கூன், அதே தோள். அடுத்தவர். அதே. நிதி, கொள்முதல், சட்டம் என்று ஒவ்வொரு இலாகாவும் வந்து அதே கூனைப் போட்டுவிட்டுப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வாரமாக நானும் மணிவேலும் கோஷால் பாபுவும் சேர்ந்து பாடுபட்டு நிமிர்த்தியது பட்டாபியின் கூனை இல்லை. எம்.டி.யின் கூனை. இவர் அதை அங்குலம் பிசகாமல் பார்த்துப் படித்து வைத்திருந்தார். நியூ டவுனில் சொல்லவும் வந்தார், நான் வாயை அடைத்தேன்.

விக்ரம் கையில் ஒரு சின்ன அட்டை வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார். தலை நன்றாகக் குனிந்தால் முகம் மலர்ந்தது. அதுதான் பணிவு. மட்டை தோளைத் தாண்டி இறங்கினால் தலையசைத்தார். அதுதான் தாராளம்.

மதுவின் முறை வந்தது. மது கம்பு மாதிரி விறைப்பாக நடந்து வந்தார், விறைப்பாக நின்றார், பாதிதான் ஓங்கினார். பந்து அழகாக எழும்பிப் போய்த் தூரத்தில் கொடி அருகே விழுந்தது. ஒருத்தரும் கை தட்டவில்லை. விக்ரமின் முகம் சுருங்கியது. அட்டையில் அழுத்தி எழுதினார்.

ரஞ்சனாவின் கண்ணில் நீர் நின்றது. "அவருக்குக் குனிய முடியாது அக்கா" என்றாள் என் காதருகே. "சட்டைக்குள்ள பெல்ட் போட்டிருக்கார். ஆறு மாசமா சார் மாதிரியே குனிஞ்சு குனிஞ்சு பழகி டிஸ்க் நகர்ந்துடுச்சு."

"அதைச் சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? சார் மாதிரி ஆடினா முதுகு போயிடும்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அந்தக் கம்பெனியை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முடியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பட்டாபி ஜி!" என்று விக்ரம் கூப்பிட்டார்.

பட்டாபி வந்தார். காலை அகட்டி வைத்தார். இடுப்பில் மடங்கினார். முதுகு பலகையாக, கை தோளிலிருந்து தொங்க, தலை நேராக. மணிவேல் இருந்திருந்தால் விழுந்து கும்பிட்டிருப்பான். அத்தனை கூன்களுக்கு நடுவே அவர் ஒருத்தர் மட்டும் மனிதனாக நின்றார். தனியாகத் தெரிந்தார்.

விக்ரமின் பேனா நின்றது. "என்ன பட்டாபி ஜி, ரொம்ப விறைப்பா இருக்கீங்களே? நீங்களுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். பதினேழு பேர் சிரித்தார்கள்.

பட்டாபி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆறு வாரமாக அவருக்கு அது பழக்கம். சந்தேகம் வந்தால் என்னைப் பார்ப்பார், நான் கையால் காட்டுவேன். பத்தடி தூரம்கூட இல்லை. அவர் முகத்தில் ஒரு கேள்விதான் இருந்தது. இப்படியே அடிக்கட்டுமா?

நான் மதுவை நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுதினால் பொய். என் கை ரஞ்சனாவின் கையில்தான் இருந்தது, ஆனாலும் நினைக்கவில்லை. அந்த நாற்காலியை நினைத்தேன். ஜன்னல் பக்கம் போட்ட, கை வைத்த மர நாற்காலி. மூன்று தடவை வாசலில் நின்று பார்த்த நாற்காலி.

ரஞ்சனாவின் கையை விட்டுவிட்டு, என் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்தார்.

"குனியுங்கோன்னா" என்றேன் தமிழில். "பழையபடி குனியுங்கோ."

இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒன்று சொல்லி அவர் உடனே செய்யாமல் நின்றது அன்றைக்குத்தான். "இது தப்புடி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அங்கே தமிழ் தெரிந்தது எங்கள் நாலு பேருக்குத்தான்.

"தெரியும். குனியுங்கோ. நன்னா பின்னாடி ஓங்குங்கோ."

அவர் என்னை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கழுத்தை நீட்டினார். தோளை உருட்டினார். முதுகை ஒவ்வொரு எலும்பாக மடித்தார், ஆறு வாரம் நிமிர்த்தியதை அரை நிமிஷத்தில். மட்டை தலையைத் தாண்டிப் போய் இடது தோளில் இறங்கியது. பந்து பக்கவாட்டில் தெறித்து டீ மேஜையின் காலில் மோதி நின்றது.

"வாஹ்!" என்று விக்ரம் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பாருங்கள், இதுதான் டீம் பிளேயர்!" பதினேழு பேர் கை தட்டினார்கள். மதுவும் தட்டினார், குனிய முடியாமல் நின்றபடி.

ரஞ்சனா என்னைப் பார்க்கவில்லை. சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து, ஷாமியானாவின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும்கூடக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது. கோர்மாராவுக்கு மது. பட்டாபி சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, "ஏப்ரல் ஒண்ணாம் தேதி உன்னை நானே ஸ்கூல்ல கொண்டு விடறேன்" என்றார். கோபமில்லை. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, சமையலறைக்குள் போய் ஒன்றுமில்லாததைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். எனக்குக் கத்தத் தெரியும்.

அவர் பின்னாலேயே வந்தார். "முதுகு பிடிச்சிண்டிருக்குடி. கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடறியா?"

ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, தேய்த்தேன். எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. 

"பத்மஜா" என்றார் கடைசியில், திரும்பாமல். "குனியறதுக்கு முன்னாடி, நிமிர்ந்து நின்னேனே, அப்போ நன்னா இருந்தேனா?"

"நன்னா இருந்தேள்" என்றேன்.